கூடப்பிறந்த செல்கள்

சிறுவாச்சூரைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் நிற்கும் செல்போன் டவரில் எனக்கு வேலை. வாட்ச்மேன் என்று பெயர். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, புல் வெட்டுவது, பாம்பு வந்தால் விரட்டுவது, பேட்டரிகளைத் துடைப்பது எல்லாம் நான்தான். டவருக்குக் கீழே தகரக் கொட்டகைக்குள் இருபத்து நாலு பேட்டரிகள் வரிசையாக இருக்கும். கம்பெனி ஆட்கள் அவற்றைப் பேட்டரி என்று சொல்வதில்லை, செல் என்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட். இருபத்து நாலையும் ஒன்றோடொன்று கோத்தால்தான் டவருக்கு வேண்டிய நாற்பத்தெட்டு கிடைக்கும். ஒரு செல்லைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

மாதம் ஒருமுறை டெக்னீஷியன் மீட்டரோடு வந்து ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்ப்பார். ஒன்று கெட்டுவிட்டால் மற்ற இருபத்து மூன்றும் நன்றாக இருந்தும் பயனில்லை, வரிசையே இறங்கிவிடும். கெட்டதைக் கழற்றிவிட்டு அதே ரகத்தில், ஏறக்குறைய அதே வயதில் ஒன்றைத் தேடிப் போடுவார். கண்டதைப் போட்டால் சேராது என்பார். நான் எட்டாவதோடு நின்றவன். பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் என் படிப்பு.

ஒரு திங்கட்கிழமை மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. என் ஒரே தங்கச்சியின் வீட்டுக்காரர். விக்கிரமங்கலத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் குத்தகை. பிள்ளைகள் இல்லை. அன்று சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வந்த வேன்களின் சத்தத்தில் அவர் பேசியது பாதிதான் கேட்டது.

"மச்சான், ஒங்க தங்கச்சிக்கு ரத்தத்துல செல்லு கூடிப் போச்சாம். அரியலூர்ல பாத்துட்டு திருச்சிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க."

"கூடுனா நல்லதுதான மாப்ளே. எல்லாருக்கும் ரத்தம் கம்மின்னுதான சொல்லுவாங்க."

"நானும் அதத்தான் கேட்டேன். அந்த நர்சம்மா என்ன ஒரு மாதிரி பாத்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நோயைப் பற்றி நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

திருச்சியில் நான் போய்ப் பார்த்தபோது அவளுக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. களையெடுப்பில் அவளுக்கு ஈடுகொடுத்து நிரை பிடிக்க ஆள் கிடையாது என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்வார். அவள் கட்டிலில் கையை அசைக்காமல் படுத்திருந்தது வேறு யாரோ போல இருந்தது. டாக்டர் ஒரு பெண். எங்கள் மூன்று பேருக்கும் புரியும்படி ஒரு சீட்டில் படம் போட்டுக் காட்டினார். எலும்புக்குள் ரத்த செல்கள் பிறக்கிற இடம் கெட்டுப்போய்விட்டது. அங்கே பிறக்கிற வெள்ளை செல்கள் ஒன்றுக்கும் உதவாதவை, ஆனால் கூட்டம் கூட்டமாகப் பிறந்து நல்லதை விரட்டுகின்றன. மருந்து கொடுத்துக் கெட்டதைக் குறைப்பார்கள். ஆனால் அது திரும்ப வரும். வருவதற்கு முன்னால், குறைந்திருக்கிற அந்தக் கொஞ்ச காலத்துக்குள், பொருந்துகிற வேறொருவரின் செல்லை எடுத்து ஏற்றிவிட்டால் அவள் பிழைக்க வழி உண்டு.

"அப்பா அம்மா இருக்காங்களா?"

"இல்லைங்க டாக்டர்," என்றாள் தங்கச்சி.

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அண்ணன் இருக்காரு. இவருதான்." என்னைக் காட்டி அவள் சொன்ன விதத்தில், எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் கவலையில்லை என்பது போல இருந்தது.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். கூடப்பிறந்தாலும் பொருந்தும் என்று உறுதியில்லை, ஆனால் பொருந்துவதற்கு வாய்ப்பு அங்கேதான் அதிகம், வியாழக்கிழமை வந்து சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்றார். நான் தலையாட்டினேன். பஸ் ஏறி சிறுவாச்சூருக்கு வந்துவிட்டேன். வியாழக்கிழமை போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு மூக்கில் இடது பக்கம் ஒரு சின்னத் துளை உண்டு. இப்போது தூர்ந்துபோய் ஒரு புள்ளியாகத் தெரியும். நாங்கள் ரஞ்சன்குடிக்காரர்கள். சின்ன வயதிலிருந்தே ஊரில் என்னைத் 'தவிட்டுக்கு வாங்கினவன்' என்பார்கள். ஒரு படி தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கிவந்தார்களாம். கோபம் வந்தால் சொல்வார்கள், கொஞ்சும்போதும் சொல்வார்கள். என்னைவிட மூன்று வயது சின்னவளான தங்கச்சி வாய் திறந்து பேச ஆரம்பித்ததும் அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். சண்டையில் தோற்கப் போகிறாள் என்றால் தூரமாக ஓடிப்போய் நின்று, "போடா தவிட்டுப் பயலே, இது எங்க வூடு," என்பாள். நான் அழுவேன். அழுகிறேன் என்று தெரிந்ததும் இன்னும் சொல்வாள்.

எட்டாவதில் சயின்ஸ் வாத்தியார் வெங்காயம் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பக்கத்துக் காடு முழுக்கச் சின்ன வெங்காயம். நாற்பது பேரும் பாக்கெட்டில் அதைத்தான் போட்டுக்கொண்டு போனோம். "பெரிய வெங்காயம் ஒருத்தன் வூட்லயும் இல்லையாடா? இதுல நான் என்னத்தடா உரிக்கிறது," என்று திட்டிக்கொண்டே உரித்து, ஜவ்வு மாதிரி ஒரு தோலை எடுத்து, பள்ளிக்கூடத்துக்கே ஒன்றாக இருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கண் பார்த்தோம். செங்கல் சுவர் மாதிரி அறை அறையாக இருந்தது. ஒவ்வோர் அறையிலும் ஒரு புள்ளி. இதுதான் செல், நம்ம உடம்பும் இதால்தான் ஆனது, அந்தப் புள்ளிக்குள்தான் நீ யார் பிள்ளை, யார் ஜாடை என்பதெல்லாம் எழுதியிருக்கிறது என்றார் வாத்தியார். பின்னால் நின்றவன் ஒருவன், "சார், இவன் தவிட்டுக்கு வாங்குனவன் சார், இவனுக்கு என்ன எழுதியிருக்கும்?" என்றான். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது என்று எனக்குப் பட்டது.

அந்த வருடமே அப்பாவோடு ஒரு சண்டை. ஆடு மேய்க்கப் போகச் சொன்னார், நான் கோட்டை மேட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தேன். அடிக்கும்போது, "தவிட்டுக்கு வாங்குனது எங்க ஒட்டும்," என்றார். ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை, அன்று வேறு மாதிரி விழுந்தது. மறுநாள் பஸ் ஏறினேன். திருச்சியில் ஹோட்டலில் மேசை துடைத்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். போர்வெல் லாரியில் ஆந்திரா, சத்தீஸ்கர் என்று சுற்றினேன். அரியலூர் சிமெண்ட் லாரிகளில் கிளீனராக இருந்தபோது சட்டையைக் கழற்றி உதறினால் சாம்பல் கொட்டும். ஒரு இடத்திலும் இரண்டு வருடம் நின்றதில்லை. எனக்கென்று யாரும் இல்லை என்று நினைப்பதில் ஒரு வசதி இருந்தது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா இறந்தபோது தகவல் கிடைத்து நான் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் அம்மா காகிதங்கள் வைத்திருப்பாள். என் பிறப்புப் பத்திரம் இருந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று திறந்தேன். அடியில் ஓட்டை விழுந்து செல்லு புகுந்திருந்தது. கரையானைத்தான் அம்மா செல்லு என்பாள். பெட்டிக்குள் மண்ணும் தூளும்தான் இருந்தன. ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சிய காகிதத்தில் முத்திரை மட்டும் தெரிந்தது, எழுத்து இல்லை. பெட்டியை வாசலில் கவிழ்த்துக் கொட்டினேன். தங்கச்சி, "என்ன தேடுற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அன்று வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் என்ன சொல்வாளோ என்று பயம். பெரிய ஆளான பிறகு இந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவும் முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு மாவட்டத்தில் ஒரு டவரில் இருந்தேன். அங்கே பேட்டரி செல்கள் எட்டு திருடுபோய்விட்டன. வாட்ச்மேன் என்பதால் என்னைக் கூட்டிப்போய் லாக்கப்பில் உட்கார வைத்தார்கள். இரண்டு நாள். ஆறடிக்கு எட்டடி இருக்கும். அதற்கும் செல் என்றுதான் பெயர் என்று உள்ளே இருந்த ஒரு பழைய ஆள் சொன்னார். அடிக்கவில்லை, சோறு வாங்கிக் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டபோது யாரும் இல்லை என்றேன். என் செல்போனைப் பார்த்து அவர்களாகவே தங்கச்சிக்குப் போன் போட்டுவிட்டார்கள். மூன்று பஸ் மாறி அவளும் மாப்பிள்ளையும் வந்தார்கள்.

ஏட்டு அவளிடம், "நீ யாரும்மா இவருக்கு?" என்றார்.

"கூடப் பொறந்தவங்க."

"மூஞ்சி ஒத்துப் போகலையே."

"மூஞ்சிய வச்சா கணக்குங்க? அவரு எங்கப்பா மாதிரி, நான் எங்கம்மா மாதிரி. எழுதிக்கங்க, எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு தைரியமாகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். திருடியவர்கள் வேறு இடத்தில் சிக்கியதால் என்னை விட்டார்கள். வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, "போன் பண்ண ஆள் இல்லன்னியாமே? நான் செத்தா போயிட்டேன்?" என்றாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் நான் வியாழக்கிழமை போகவில்லை.

மாப்பிள்ளை போன் செய்தார். டவரில் மாற்று ஆள் இல்லை என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். பிறகு, போர்வெல் லாரியில் ஆள் வேண்டும் என்று பழைய மேஸ்திரி கூப்பிட்டார், ஏறிவிட்டேன். புது ஊரில் புது சிம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். மூன்று மாதம். பகலெல்லாம் பாறையைத் துளைக்கும் சத்தத்தில் ஒன்றும் யோசிக்க வராது, அதற்காகவே அந்த வேலை பிடித்தது. யோசிக்கிற நேரத்தில் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ரத்தத்தைப் பார்த்தால் நான் அவள் அண்ணன் இல்லை என்று எழுத்தில் வந்துவிடும். படுக்கையில் கிடப்பவளிடம் அதை யார் சொல்வது? உடம்பும் போய், இருந்த ஒரு அண்ணனும் இல்லை என்று ஆக வேண்டுமா? அவளுக்காகத்தான் போகாமல் இருக்கிறேன் என்று நம்பினேன். உண்மையில் பயம் எனக்குத்தான். இந்த உலகத்தில் என்னை அண்ணன் என்று சொல்ல ஒருத்திதான் இருந்தாள். ஒரு காகிதம் வந்து அதையும் இல்லை என்று சொல்லிவிடும் என்று பயந்தேன்.

லாரி திரும்பியதும் நானும் திரும்பி, அதே டவரில் சேர்ந்தேன். என் இடத்துக்கு வந்த ஆள் யாரும் நிலைக்கவில்லை. நான் வந்திருப்பதை யாரோ சொல்லி, மாப்பிள்ளை விக்கிரமங்கலத்திலிருந்து பைக்கிலேயே வந்துவிட்டார். முகமெல்லாம் புழுதி. நான் செல்களில் பூத்திருந்த வெள்ளை உப்பைச் சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொட்டகை வாசலில் நின்றார், உட்காரவில்லை.

"கொறஞ்சிருந்துச்சு மச்சான். ரெண்டு மாசம் சுத்தமா கொறஞ்சிருந்துச்சு. வெளியிலயும் தேடிப் பாத்தாங்க, ஒருத்தருதும் சேரல. ஒங்களத்தான் டாக்டரம்மா தெனம் கேட்டுச்சு. போன வாரம் திரும்ப ஏறிடுச்சுன்னு சொல்லிட்டாங்க."

நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"அவ ஒங்கள ஒரு வார்த்த சொல்ல விடமாட்டேங்குறா. அண்ணன் வேலயில இருக்கும், வந்துரும்னு சொல்றா. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஊசிக்குப் பயமா? இல்ல, எங்க மேல எதும் வருத்தமா?"

"என் ரத்தம் சேராது மாப்ளே."

"அத நீங்களே எப்படிச் சொல்றீங்க?"

"நான் அந்த வூட்டுப் புள்ள இல்ல. தவிட்டுக்கு வாங்குனவன். ஒங்களுக்குத் தெரியாததா?"

நான் கேலி செய்கிறேன் என்று அவர் முதலில் நினைத்திருப்பார் போல. பிறகு அவர் முகம் மாறியது.

"யோவ். நெசமாவா சொல்ற?"

அவர் அதுவரை என்னை ஒருமையில் பேசியதில்லை.

"ஒனக்கு முன்னாடி ஒங்க அம்மாவுக்கு ரெண்டு பொறந்து செத்துப் போச்சுல்ல? மூணாவது தங்கணும்னா என்ன செய்வாங்க? மொறத்துல போட்டு குப்பமேட்டுல வச்சுருவாங்க. பக்கத்து வூட்டுப் பொம்பள எடுத்துக்குவா. பெத்தவ போயி தவிட்டக் குடுத்து வாங்கிக்குவா. மூக்கு குத்திவுடுவாங்க. இது நம்ம வூட்டுப் புள்ள இல்ல, வெலைக்கு வாங்குனதுன்னு சாமியும் எமனும் நெனச்சுக்கிட்டுப் போயிரணும்னு. எங்க பெரியண்ணனுக்கும்தான் மூக்குல ஓட்ட இருக்கு. ஒங்கம்மா பெத்த புள்ளைய ஒங்கம்மாவே வாங்குச்சுய்யா."

எமனை ஏமாற்றுவதற்காகச் செய்தது. ஏமாந்தது நான்.

இந்தச் சடங்கைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னால் பொய். போர்வெல் லாரியில் தவிட்டான் என்று ஒருவன் இருந்தான், அவனே ஒருமுறை ஏதோ சொன்னான். மற்றவர்களுக்கு அது சடங்காக இருக்கலாம், என் விஷயத்தில் உண்மை என்று எங்கேயோ முடிவுசெய்து வைத்திருந்தேன். அப்பா அடித்த அடி சாட்சி. ஒருவரும் என்னைத் தேடி வராதது சாட்சி. ஆனால் அம்மா இரண்டு முறை திருப்பூருக்கு வந்து தேடிவிட்டுப் போனாள் என்று அன்றுதான் மாப்பிள்ளை சொன்னார்.

துணியைப் போட்டுவிட்டு அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு திருச்சி பஸ் ஏறினோம். ரத்தம் எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. இரண்டு சின்னக் குழாய்.

முடிவு வர இரண்டு வாரம் ஆனது. டாக்டர் காகிதத்தைத் திருப்பி வைத்து விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். இந்தப் பக்கம் தங்கச்சியுடையது, அந்தப் பக்கம் என்னுடையது. எழுத்தும் எண்ணும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன.

"பத்துக்குப் பத்து. முழுசாப் பொருந்துது. இப்படி அமையுறது சாதாரணம் இல்ல."

"அப்ப நாங்க ஒரே அப்பா அம்மாவுக்குத்தான் பொறந்தோமுங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதுல என்ன சந்தேகம்?"

பக்கத்தில் மாப்பிள்ளை ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது, வெட்கமாகவும் இருந்தது. நாற்பத்தொரு வயதில் ஒரு ஆள் தன் அப்பா அம்மா யாரென்று தெரிந்துகொண்டு, அதற்காக ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டதும் உண்மை. அந்த நிமிடத்தில் தங்கச்சி மேல்மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள்.

"இப்பவே எடுத்துக்கங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க," என்றேன்.

"இப்ப முடியாது. கெட்ட செல் நெறைய இருக்கும்போது உங்களோடத ஏத்துனா நிக்காது. இன்னொரு தடவை மருந்து குடுத்துப் பாக்குறோம். கொறஞ்சா உடனே செய்யலாம்."

கெட்டதைக் கழற்றாமல் நல்லதைச் சேர்த்துப் பயனில்லை என்று டவரில் டெக்னீஷியன் சொல்லும் அதே கணக்கு. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

டவர் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். காலையில் ரத்தம் எடுத்துப் போவார்கள், மதியம் எண்ணிக்கை வரும். மருந்து முதலில் நல்லதைத்தான் கொன்றது. அவளுக்கு வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. கெட்டது கொஞ்சம் குறைந்தது, அப்படியே நின்றது, பிறகு மறுபடி ஏறியது. நடுவில் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. டாக்டர் தினமும் வார்டுக்கு வந்து நின்று பேசுகிறவர், ஒருநாள் மாப்பிள்ளையை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாப்பிள்ளை திரும்பி வந்து, பைகளை எடுத்து அவள் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார்.

விக்கிரமங்கலத்தில் முன்னறையில் ஃபேனுக்கு நேராகக் கட்டிலைப் போட்டோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து போனார்கள். தலையில் முடி இல்லாததால் ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். ஆள் வந்தால் துண்டைச் சரிசெய்துகொள்வாள், அதற்கு மட்டும் கை வந்தது.

ஒரு மதியம் மாப்பிள்ளை வயலுக்கு மோட்டார் எடுத்துவிடப் போயிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, அப்ப ஏன் வரல?"

வேலை என்று சொல்லியிருக்கலாம். அவள் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் சொல்லிவிட்டேன். வாத்தியார், வெங்காயத் தோல், அப்பா அடித்தது, தகரப் பெட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"நாந்தான ஒன்ன அப்படிச் சொல்லிச் சொல்லி அழ வச்சேன்."

"எல்லாருந்தான் சொன்னாங்க."

"எல்லாரும் சொன்னா சிரிச்சுட்டுப் போயிருவ. நான் சொன்னாத்தான் அழுவ." மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "தவிட்ட வாங்கிக்கிட்டும் அந்தப் பக்கத்து வூட்டுப் பொம்பள ஒன்னக் கைய விட்டுக் குடுக்கச் சுணங்குச்சாம். அம்மா பிடுங்கிட்டு ஓடியாந்துச்சாம். எத்தன தடவ சொல்லியிருக்கு."

"எனக்குச் சொல்லலையே."

"நீ வூட்ல எங்க இருந்த?"

வெளியில் மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

"ரெண்டு மாசம் நல்லா இருந்தேண்ணே. எந்திரிச்சு சோறாக்குனேன். தெனம் வாசலப் பாப்பேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "சரி, விடு," என்றாள்.

விடு என்று சொன்னாளே தவிர அதன்பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. கோபமாகவும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மாப்பிள்ளை வரும்வரை பொறுத்திருந்து அவரிடம் கேட்டாள். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். என் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அதே ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரத்தம், எலும்பு, நெஞ்சு எல்லாம் நன்றாக இருந்தன. அவளுக்குப் பொருந்துகிற செல்கள் எனக்குள் தினமும் பிறந்துகொண்டிருந்தன. கட்டிலுக்கும் எனக்கும் இரண்டடி தூரம். பத்து நாள் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

பதினோராம் நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் இறந்துபோனாள்.

ஆட்கள் சேர்ந்ததும் பெரியவர்கள் சாமான்களுக்குப் பட்டியல் சொன்னார்கள். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வரவேண்டும், கோடி என்பார்கள். அது வந்து போர்த்தாமல் எடுக்கமாட்டார்கள். "பொறந்த வூட்டு ஆளு யாருப்பா?" என்று ஒருவர் கேட்டார். மாப்பிள்ளை என்னைக் காட்டினார். "அவருதான். கூடப் பொறந்த அண்ணன்." வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் செய்ததை அவர் அன்றும் யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. சொல்லி, நாலு பேர் என்னை அடித்துத் துரத்தியிருந்தால் நான் பாட்டுக்கு ஒரு லாரியில் ஏறிப் போயிருப்பேன்.

பஸ்ஸில் அரியலூருக்குப் போனேன். கடையில் சேலை காட்டுகிற பெண், "என்ன விசேஷம்ணா, என்ன வயசுக்கு?" என்று கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன். சிவப்பு வேண்டும் என்றேன். நாலைந்து எடுத்துப் போட்டாள். நான் அதுவரை அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்ததில்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ அண்ணன் வீட்டுச் சீர் என்று ஒன்று கொண்டுபோனதில்லை. எது நல்லது, எது அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே ஒன்றை எடுத்து, "இது நல்லாருக்கும்ணா, கட்டுனா நிக்கும்," என்று பையில் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டு வாசலில் எனக்காகத்தான் காத்திருந்தார்கள். "கோடி வந்துருச்சு, வழி விடுங்க," என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் விலகியது. குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலையில் முடி இல்லாதது தெரியாதபடி பூவைச் சுற்றியிருந்தார்கள். நான் சேலையைப் பிரித்து அவள் மேல் போட்டேன். இரண்டு பெண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சுற்றினார்கள். அவள் அவ்வளவு சின்னதாகப் போயிருந்தாள். எத்தனை சுற்று சுற்றியும் சேலை தீரவில்லை. "இவ்வளவு மிச்சம் நிக்குதே," என்றாள் ஒருத்தி. மிஞ்சியதை மடித்து அவள் காலுக்குக் கீழே செருகினார்கள். பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.